வயர் போக ஒரு வழி

எழுபதுகளின் கடைசியில், மகளுக்கு மூன்று வயது நடந்தபோது, எங்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. ஊர் சுற்ற வாங்கியதல்ல. அவளுக்கு இழுப்பு. குளிர் கூடினால் நெஞ்சுக்குள் விசில் கேட்கும். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழியும். எங்கள் மலைத் தேயிலை எஸ்டேட்டிலிருந்து தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணி நேரம் ஆகும். எஸ்டேட் லோரி கொழுந்து ஏற்றப் போயிருந்தால் அது திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். ஒருமுறை அப்படிக் காத்திருந்தோம். அதற்குப் பிறகுதான் என் கணவர் அந்தக் காரை வாங்கினார்.

கார் வந்ததும் எனக்குக் கவனிக்க இரண்டு நெஞ்சுகள் ஆயின. விடியற்காலைக் குளிரில் காரின் பேட்டரி செத்துக் கிடக்கும். வாரத்துக்கு ஒரு தடவை டவுனுக்குப் போய்வரும் ஓட்டத்தில் அது நிறையாது. மற்றவர்கள் வண்டியை மேட்டில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தின் பக்கம் நிறுத்தி, காலையில் இறக்கத்தில் உருட்டிக் கிளப்பிக்கொள்வார்கள். எங்கள் லயன் வீட்டு வரிசை பள்ளத்தின் அடியில் இருந்தது. மேட்டில் நிறுத்தினால், மூச்சு வாங்கும் பிள்ளையைப் பனியில் அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். பேட்டரியைக் கழற்றிப் பிரிஞ்சாங் கடையில் சார்ஜுக்குக் கொடுத்தால் இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளும் கார் வெறும் தகரம். நான் தூங்க மாட்டேன்.

வீட்டிலேயே சார்ஜ் செய்தால் என்ன என்று தோன்றியது. தெரிந்த லோரிக்காரர் ஈப்போவிலிருந்து ஒரு சார்ஜர் வாங்கி வந்து கொடுத்தார். நான் பழைய பள்ளிக்கூட நோட்டில் திட்டம் போட்டேன். கரண்டு தரும் எஸ்டேட் எஞ்சின் மாலை ஆறிலிருந்து பத்து வரைதான் ஓடும். பேட்டரி நிறையப் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும். ஆக மூன்று மாலை; ராத்திரியில் பேட்டரி காருக்கே திரும்பிவிடும். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து தீப்பிடிக்கும் வாயு வரும் என்று பள்ளியில் படித்திருந்தேன். அடுப்பு இருக்கும் சமையல்கட்டில் வைக்க முடியாது. முன்னறையில் பிள்ளை படுக்கிறாள். அந்தப் புளித்த நெடி அவளுக்கு ஆகாது. வீட்டுக்குப் பின்னால் இருந்த விறகுக் கொட்டகைதான் மிச்சம். சமையல்கட்டு பல்பு மாட்டும் இடத்திலிருந்து கரண்டு எடுத்து, சார்ஜரை உள்ளே வைத்து, வயரை ஜன்னல் வழியாகக் கொட்டகைக்கு விடுவது. எல்லாவற்றையும் படமாக வரைந்து, எஸ்டேட் ஆபீஸ் கணக்கரான கிராணி ஐயாவிடம் அனுமதி கேட்கப் போனேன்.

"என்னம்மா, படமெல்லாம் போட்டிருக்கீங்க. வீடு கட்டப் போறீங்களா?"

"இல்லீங்கய்யா. கெரெத்தா பேட்டரிக்கு." காரை அங்கே அப்படித்தான் சொல்வோம்.

"வெளக்குக்குக் குடுத்த கரண்டும்மா அது. இன்னிக்கி பேட்டரிம்பீங்க, நாளைக்கி இஸ்திரிப் பெட்டிம்பீங்க. தொரைக்கு யாரு பதில் சொல்றது, நானா?"

"பிள்ளைக்கு இழுப்புங்கய்யா."

அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி. அந்த ஒரு பல்ப கழட்டிட்டுப் போட்டுக்குங்க. செவுரு, கதவு எதுலயும் கை வைக்காதீங்க. எஸ்டேட் சாமான் லா."

வீட்டுக்கு வந்து அதையும் நோட்டில் எழுதிவைத்தேன்: சுவரில் கை வைக்கக் கூடாது.

ஆறு மணிக்குள் சமைத்து முடித்து, பல்பைக் கழற்றி, சார்ஜரை மாட்டினேன். முதல் இரண்டு மாலையும் நன்றாகத்தான் போயின. ஆனால் வயர் போவதற்காக ஜன்னல் மூன்று விரல் அகலம் திறந்தே இருந்தது. மலைப்பனி அதன் வழியாக உள்ளே வந்தது. துணி சுருட்டி அடைத்தேன். துணி நனைந்து சில்லிட்டது. மூன்றாம் நாள் இருட்டியதும் மகள் இருமத் தொடங்கினாள். நான் ஜன்னலருகே நின்றேன். திறந்திருந்தால் இழுப்பு வரும். மூடினால், இழுப்பு வரும் நாளில் கார் கிளம்பாது. கையை ஜன்னலில் வைப்பதும் எடுப்பதுமாக எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கடைசியில் வயரைக் கழற்றி உள்ளே இழுத்து ஜன்னலைச் சாத்தினேன். பத்து மணிக்கு ஃபேக்டரியிலிருந்து வந்த கணவர் பேட்டரியைத் தூக்கிப்போய்க் காரில் மாட்டினார். நான் முன்னறையில் பிள்ளைக்குப் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

விடிவதற்குள் அவள் உதடு நீலம் பாரித்துவிட்டது.

கணவர் சாவியைத் திருப்பினார். க்ளக் என்றது. மறுபடியும் க்ளக். நான் பின்சீட்டில் பிள்ளையை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்திருந்தேன். அவள் அழவில்லை, அழ மூச்சு இல்லை. நான்தான் கொன்றுவிட்டேன் என்ற ஒரு வாக்கியத்தைத் தவிர வேறெதுவும் எனக்குள் ஓடவில்லை.

பெரட்டுக்குப் புறப்பட்ட பெண்கள் கூடைகளோடு வந்துகொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தார்.

"கூடய கீழ வைங்கடி. தள்ளுங்க."

"மேட்டுலயாக்கா?" என்றாள் ஒருத்தி.

"பின்ன, ஆத்துலயா? தள்ளுடி. வழியில தொர வந்தா அவரயும் ஒரு கை புடிக்கச் சொல்லு."

பத்துப் பன்னிரண்டு பேர் தள்ளினார்கள். ரப்பர் செருப்புகள் சேற்றில் வழுக்கும் சத்தம் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. மேட்டைத் தொட்டு, மறுபக்க இறக்கத்தில் கார் உருண்டு, உதறி, கிளம்பியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று அவர்களுக்குப் பெரட்டு தாமதமாகியிருக்கும். யாரும் அதை என்னிடம் சொல்லிக்காட்டியதில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, முகத்தில் மூடி வைத்து மூச்சுக் கொடுத்தார்கள். மத்தியானம் அவள் உதட்டுக்கு நிறம் திரும்பியது. நான் கணவரிடம் சொன்னேன்.

"நாந்தாங்க நேத்து வயர கழட்டிட்டேன்."

"தெரியும். நான் வந்தப்ப ஜன்னல் சாத்தியிருந்துச்சு."

"அப்ப ஏன் கேக்கல?"

"நான் வீட்ல இருந்திருந்தாலும் சாத்தியிருப்பேன்."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. இரண்டு பேரும் அதையேதான் செய்வோம் என்றால், அடுத்த முறையும் அதையேதான் செய்வோம். அன்று தள்ள ஆள் இருந்தார்கள். பெண்கள் மலைக்கு ஏறிப்போன பிறகு இழுப்பு வந்திருந்தால்?

வீடு திரும்பிய மறுநாள் பட்டப்பகலில் பிள்ளையை அக்காவிடம் விட்டேன். அடுப்பில் இரும்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, ஜன்னலுக்குக் கீழே பலகைச் சுவரில் வைத்து அழுத்தினேன். பலகை புகைந்தது. நாலைந்து முறை காய்ச்ச வேண்டியிருந்தது. வயர் நுழையும் அளவுக்கு ஒரு துளை. அவ்வளவுதான். இதை அனுமதி கேட்டு வந்த அன்றே செய்திருக்கலாம். நேரத்தை, தூரத்தை, வாயுவை எல்லாம் யோசித்த எனக்கு, கூடாது என்று கிராணி ஐயா சொன்னதை மீறலாம் என்ற ஒன்று மட்டும் யோசிக்க வேண்டிய பட்டியலிலேயே வரவில்லை.

மாலையில் ஜன்னலை இறுகச் சாத்தி, துளை வழியாக வயரை விட்டு, சுற்றிலும் சோப்புத் துண்டைப் பிசைந்து அடைத்தேன். உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். காற்று வரவில்லை. வருகிறதோ என்று மறுபடியும் வைத்தேன். முன்னறையில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். போய் அவள் மூச்சைக் கேட்டுவிட்டு, திரும்பி வந்து துளையைத் தொட்டேன்.

நோட்டை எடுத்தேன். சுவரில் கை வைக்கக் கூடாது என்ற வரியை அடிக்க மனம் வரவில்லை. கிராணி ஐயா வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது என்று எழுத, அதன் கீழே நாலு வரி இடம் விட்டேன். இன்றுவரை அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.