நடுவட்டத்தில் சரிந்த விளக்கு

ஸ்டுட்கார்ட்டுக்கு அண்மையிலுள்ள எங்கள் ஊரின் உதைபந்தாட்ட மைதானத்துக்கு நான் தலைமைப் பராமரிப்பாளனாக இருந்தவன். யாழ்ப்பாணத்தில் தாவரவியல் பட்டம் பெற்றவன் என்பதையும், மழைக்குப் பின் ஆட்டம் நடக்கலாமா என்பதை என் சொல்லே தீர்மானித்தது என்பதையும் முதலில் குறிப்பிட வேண்டும்.

மைதானத்தின் மேற்குப் பக்கப் பார்வையாளர் மேடு, இரண்டாம் உலக யுத்தத்தில் இடிந்த வீடுகளின் கற்களைக் குவித்து ஊர்க் கழகத்தவர் தாமே எழுப்பியது. மர இருக்கைகள் பின்னர் வந்தன; மின்விளக்குக் கம்பங்கள் அதற்கும் பின்னர். நிலத்தடி வடிகால் மட்டும் பழையதாகவே இருந்தது. மழைக்காலத்தில் தென்மூலையில் நீர் தேங்கும். துளையிட்டு மணல் நிரப்பியே பல ஆண்டுகள் அந்தப் புல்லைக் காத்தேன். முதுகுவலிதான் மிச்சம்.

கோடையில் எங்கள் தமிழ்ச் சங்கம் அங்கே சுற்றுப்போட்டி நடத்தும். ஒருமுறை தலைவர் யோகநாதன் மங்கள விளக்கை நடுவட்டத்தில் ஏற்ற விரும்பினார். எண்ணெய் சிந்தினால் வேர் கருகும் என்று விளக்கி, ஓட்டப்பாதையைக் காட்டினேன்.

“அங்கை வைச்சால் படத்திலை வடிவா வராது அண்ணை. ஜெர்மன்காரனே இவ்வளவு கதைக்கமாட்டான்,” என்றார்.

“ஜெர்மன்காரன் புல்லிலை விளக்குக் கொளுத்தமாட்டான். ஏலாது.”

சரியென்று தலையாட்டினார். நான் வாயிலில் வாகனங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த வேளையில் விளக்கு நடுவட்டத்துக்குப் போயிற்று, காற்றில் சரிந்தது. திரும்பி வந்தபோது ஒரு பாய் அகலத்துக்குத் தேங்காயெண்ணெய்.

திங்களன்று நகரசபை அதிகாரி பார்வையிட வருவார். புல் பழுதானால் சங்கத்துக்கு மைதானம் இனி இல்லை என்பது ஒப்பந்தம். போட்டி முடிந்ததும் யோகநாதன் என்னிடம் வந்தார்.

“அண்ணை, பெடியளுக்கு விளையாட வேறை இடமில்லை. ஏதாவது செய்யுங்கோ.”

எல்லாரும் போனபின் தனியே மண்வெட்டியை எடுத்தேன். கறைபட்ட பகுதியை வேரும் மண்ணுமாக அகற்றி, கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து புல்லை வெட்டிவந்து பதித்து, உருளையால் அழுத்தினேன். அதிகாரி வந்தார், அதன்மேல் நடந்தே பார்த்தார், குறை எதுவும் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு வடிகால் முற்றாக அடைபட்டதால் செயற்கைப் புல் விரிக்கப்பட்டது. அதன்மேல் எந்தக் கழகமும் தீ மூட்டக் கூடாது என்றொரு விதியும் வந்தது. விளக்கை ஓட்டப்பாதையில் வைக்க மனமின்றிச் சங்கம் போட்டியை வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டது.

நான் முறைப்பாடு செய்ததால்தான் மைதானம் தமிழருக்கு மறுக்கப்பட்டது என்று இன்றும் விழாக்களில் பேசுகிறார்கள். யோகநாதன் அருகிலிருந்தும் மறுப்பதில்லை. பதில் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது. இத்தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பிறருக்காகச் செய்யும் வேலையைச் சாட்சி இல்லாமல் செய்யாதீர்கள்.

மைதானம் எவருக்கும் மறுக்கப்படவில்லை. நான் எவரிடமும் முறைப்பாடு செய்யவில்லை.