அடிக்கிறவனுக்கு முதலில்

இந்த ஊரில் பாக்கி வைத்திருப்பவளுக்கும் ‘அன்புள்ள’ என்றுதான் கடிதம் எழுதுகிறார்கள். கதவிலுள்ள துவாரம் வழியாக அது மெத்தென்று விழும். கிரெடிட் கார்டு தவணை தவறிவிட்டது, சிரமம் ஏதும் இருந்தால் எங்களிடம் பேசுங்கள் என்று இருக்கும். இங்கிலாந்தில் இந்த லீட்ஸுக்கு நர்ஸாக வந்த புதிதில் அந்தக் கடிதங்களை நான் சட்டை செய்யவே இல்லை. இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறவன் என்ன கிழித்துவிடப் போகிறான் என்று இருந்துவிட்டேன்.

சென்னையில், எங்கள் காசிமேட்டில் பணம் கேட்க பாபு வருவான். மீட்டர் வட்டிக்கு விடுகிறவன். நாள் தவறினால் வட்டி தாறுமாறாக ஏறும். துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டும் என் தம்பி ஜெரால்டு, மொபைலில் ரம்மி ஆடித் தோற்றுவிட்டு அவனிடம் வாங்கியிருந்தான். ஒரு விடியற்காலை மீன் ஏலத்துக்கு நடுவே, ஐஸ் உடைக்கும் கட்டையால் ஜெரால்டின் வாயிலேயே அடித்தான் பாபு. பல்லும் ரத்தமும் ஐஸ் தண்ணீரில் ஓடின. ஏலம் நிற்கவில்லை. எங்கள் பக்கத்தில் சம்பளம் வந்தால் அடிக்கிறவனுக்கு முதலில், அப்புறம் மளிகைக் கடைக்கு, மிச்சமிருந்தால் பேங்குக்கு. பேங்க் மேனேஜர் வீடு தேடி வந்து மண்டையை உடைக்கமாட்டார் அல்லவா?

அந்தப் புத்தியோடுதான் விமானம் ஏறினேன். புருஷன் எப்போதோ ஓடிப்போனவன். மகள் செலினாவை ஜெரால்டு வீட்டில் விட்டிருந்தேன். இங்கே ஒரு ஃபிளாட் பிடித்தால்தான் அவளைக் கூட்டிக்கொள்ள முடியும். அவள் ஸ்கூல் ஃபீஸுக்காகக் கொடுத்த என் கார்டு நம்பரை ஜெரால்டு ரம்மியில் போட்டான். அது போதாதென்று பாபு வீடியோ காலில் வர ஆரம்பித்தான். தம்பியின் முடியைப் பிடித்து முகத்தைக் கேமராவுக்குத் தூக்குவான்.

“இன்னா ஸ்டெல்லாக்கா, நல்லா கீறியா? ஒன் தம்பி எப்டி கீறான் பாரு.”

அறை விழும். நான் பணம் அனுப்புவேன். கார்டு தவணை நிற்கும். ‘அன்புள்ள’ வரும்.

ஃபிளாட் ஏஜென்சிப் பெண் என் பேங்க் ஸ்டேட்மென்டில் விரலை வைத்து, “இதெல்லாம் சூதாட்டமா?” என்றாள்.

“என் தம்பி ஆடியது. அவனை அடிக்கிறார்கள்.”

“அடடா. போலீஸிடம் சொன்னீர்களா?” என்று கேட்டு எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு வீடு தர முடியாது என்றாள். தவறிய தவணைகள் என் பெயரில் ஆறு வருஷம் நிற்குமாம். பாக்கியைத் தீர்த்து, சூதாட்டம் இல்லாத மூன்று மாதக் கணக்கைக் காட்டினால் பார்க்கலாமாம். அவள் என்னை ஓங்கி அறைந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

கார்டை ரத்து செய்தேன். சம்பள நாளன்று பாபு கூப்பிட்டான். ஜெரால்டின் வலது கையை அம்மி மேல் வைத்து ஒருவன் மிதித்துக்கொண்டிருந்தான். பாபு கையில் இரும்புக் கம்பி. பின்னால் வாசற்படியில் செலினா நின்றிருந்தாள்.

“பாப்பாவ உள்ள கூட்டிகினு போங்கடா” என்று கத்தினேன். யாரும் அசையவில்லை.

“யக்கா, போட்டு வுட்ருக்கா” என்றான் ஜெரால்டு. “கை போச்சுன்னா வண்டி ஓட்ட முடியாதுக்கா.”

கையிலிருந்த பணம் ஒரு இடத்துக்குத்தான் காணும். போட்டேன். கார்டு கம்பெனிக்குப் போட்டேன். என் விரல் நகர்வதைப் பார்த்து பாபு சிரித்தபடி தன் போனுக்கு மெசேஜ் வரக் காத்திருந்தான். வரவில்லை. கம்பியை ஓங்கினான். கை நொறுங்கியது முதலில் தெரிந்தது, சத்தம் கொஞ்சம் தாமதித்து வந்தது. என் தம்பியை நான்தான் அடித்தேன் என்றே இன்றுவரை நினைக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து ஃபிளாட் கிடைத்தது. செலினா வந்துவிட்டாள். முதல் ராத்திரி வஞ்சிர மீன் குழம்பு வைத்துச் சோறு போட்டேன். அவள் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் பிசைந்து சாப்பிட்டாள்.

“இன்னாடி இது?” என்றேன்.

“மாமா இப்டித்தான்மா துன்னும். நானும் கூட சேந்து துன்னுவேன், அதுக்கு வெக்கமா இருக்கக் கூடாதுன்னு.”

இங்கே பள்ளிக்கூடத்தில் யாரும் அவள் கையைத் தட்டிவிடுவதில்லை. நானும் தட்டிவிடவில்லை.