பெயர் தெரியாத மெக்கானிக்கைத் தேடியவர்

செவ்வாய்க்கிழமை காலை மேஸ்திரியின் மனைவி ஸ்டெல்லா போன் செய்தபோது இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். "அவரு போயிட்டாரு டீச்சர். வொர்க்‌ஷாப் வாசல்ல டீ குடிச்சிக்கினு இருந்தவரு அப்படியே சாய்ஞ்சிட்டாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி" என்றார். "சரிம்மா" என்று சொல்லி போனை வைத்தேன். மீதி மாவையும் ஊற்றி, மூடி, வேகும்வரை அடுப்பருகிலேயே நின்றேன். யார் போன் என்று என் கணவர் கேட்டார். "மேஸ்திரி செத்துட்டாராம்" என்றேன். சட்னி அரைத்த பிறகுதான் அவர் என்னைக் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

காஞ்சிபுரம் ஓரிக்கைச் சாலையில் அற்புதராஜ் மேஸ்திரியிடம் வண்டி விட்ட உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஆட்டோ, டிராக்டர், நெசவுக்குப் பட்டுப் பாவு நூல் ஏற்றிப் போகும் டெம்போ என்று எதையும் திருப்பி அனுப்பாதவர். சீக்கிரம் வேண்டும் என்று கேட்டால், "அவசரம்னா புதுசு வாங்கிக்கோப்பா" என்பார். நான் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. என் ஸ்கூட்டரை இருபது வருடம் அவரிடம்தான் விட்டேன். ஆனால் நான் எழுத நினைப்பது, கடைசி ஆறு வருடம் அவரைப் பிடித்து வைத்திருந்த அந்தக் காரைப் பற்றி.

ஒரு நாள் மாலை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "டீச்சர், மாகறல்ல ஒரு கிணத்து மேட்டுல ரேஸ் கார் இருக்குது" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பம்புசெட் கொட்டகையில், வேர்க்கடலை மூட்டைகளுக்கு அடியில் ஒரு வண்டியின் அடிச்சட்டம் கிடந்தது. இருக்கையும் இல்லை, மேல்தகடும் இல்லை. அதன் இன்ஜின் தனியாகக் கிணற்றடியில் சிமெண்டில் பதிந்து நின்றது. பெல்ட் மாட்டி அதில் தண்ணீர் இறைத்திருக்கிறார்கள். சட்டத்தின் இரண்டு பக்கமும் வரிசையாக ஓட்டைகள். அவற்றில் விரலை விட்டுக் காட்டினார். "எடை குறையணும்னு போட்டிருக்கான். கல்யாணத்துக்குப் போற காருக்கு எவன் ஓட்டை போடுவான்?"

நிலத்துக்காரர் வேதாசலம் ஐயாவுக்கு அப்போது எண்பத்திரண்டு வயது. அந்தக் காரில் தன் அப்பா சென்னையில் பந்தயம் ஓட்டி ஜெயித்தார் என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர். ஜெயித்த கோப்பை எப்போதோ காணாமல் போய்விட்டதாம். காரைச் சரிசெய்து, பழைய கார்கள் கண்காட்சியில் அப்பா பெயரோடு நிறுத்திவிட்டால் போதும் என்றார். மேஸ்திரி ஒப்புக்கொண்டார்.

சிமெண்டை உளியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தி இன்ஜினை வெளியே எடுக்கவே ஒரு மாதம் ஆனது. உள்ளே பிஸ்டன்கள் நான்கும் துருவேறி இறுகிக் கிடந்தன. சுத்தியலைத் தொட யாரையும் விடவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற்றி ஊற வைத்தார். நாற்பதாவது நாளோ என்னவோ, பள்ளி விட்டு வரும் வழியில் வொர்க்‌ஷாப்பில் எட்டிப் பார்த்தேன். ஒரு மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டினார். பிஸ்டன் ஒரு நெல் அளவு இறங்கியது. சந்தோஷமா என்று கேட்டேன். "இன்னும் மூணு இருக்குது" என்றார்.

வண்டியின் பூர்வீகத்தைத் தேடுவது என் பங்கு. சட்டத்தின் முன்பகுதியில் படிந்த துருவைச் சுரண்டி அவர் ஒரு எண்ணைக் கண்டெடுத்தார். அதன்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டேன். வெளிநாட்டில் பழைய கார் வைத்திருப்பவர்கள் நடத்தும் ஒரு சங்கத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். என்ன எழுதினேன் என்று ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்லிக் கேட்டார். ஒரு இடத்தில் நிறுத்தினார். "கண்ணால பார்த்தது வேற, நாம நெனச்சிக்கினது வேற. ரெண்டையும் ஒண்ணா எழுதாதீங்க டீச்சர்."

எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. கூடவே ஒரு புகைப்படப் பிரதி. எங்கள் கார்தான், அதே ஓட்டைகள். ஓட்டுபவர் ஒரு வெள்ளைக்காரர். பக்கத்தில், சற்றுப் பின்தள்ளிய இருக்கையில், தலையில் துணி கட்டிய நம் ஊர் ஆள் ஒருவர். அந்தக் காலப் பந்தயக் காரில் மெக்கானிக்கும் கூடவே உட்கார்ந்து போக வேண்டும். ஓடும்போதே எண்ணெய் பம்பை அடிப்பதும், பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்துச் சொல்வதும் அவர் வேலை. கடிதத்தில் மூன்று வரிதான் இருந்தது. சென்னையில் ஒரு பந்தயத்தில் இந்தக் கார் கவிழ்ந்தது. ஓட்டியவர் காயத்தோடு பிழைத்தார். உள்ளூர் மெக்கானிக் இறந்தார். ஓட்டியவர் பெயர் இருந்தது. மெக்கானிக் பெயர் இல்லை.

நான் படித்துக் காட்டியதும் மேஸ்திரி எழுந்து போய், கழற்றி வைத்திருந்த முன் அச்சைத் தரையில் கிடத்தினார். "இது வளைஞ்சிருக்குது டீச்சர். கொட்டகையில கெடந்து வளையல, அடிபட்டு வளைஞ்சது. ரெண்டு சக்கரமும் ஆளுக்கொரு பக்கம் பார்த்திருக்கும். அதுக்கப்புறம் இதைப் பத்தடி கூட யாரும் ஓட்டியிருக்க முடியாது." வேதாசலம் ஐயா வீட்டுப் பெட்டியிலிருந்து, அவர் அப்பா வண்டி வாங்கிய ஆங்கில ரசீது ஒன்று முன்பே என்னிடம் வந்திருந்தது. அதை எடுத்து மறுபடியும் படித்தேன். 'உடைந்த மோட்டார் வண்டி, இன்ஜினுடன்' என்று இருந்தது. தேதி, கடிதத்தில் இருந்த விபத்துத் தேதிக்குப் பிந்தையது. அவருடைய அப்பா பந்தயம் ஓட்டவே இல்லை. கிணற்றுக்கு இன்ஜின் வாங்கியிருக்கிறார்.

இதை நான் ஒப்புக்கொண்டாக வேண்டும். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று சொன்னது நான்தான். "அவருக்கு எண்பத்து நாலு வயசு மேஸ்திரி. அப்பா ஜெயிச்சாருன்னே இருந்துட்டுப் போகட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்?"

கையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "அவங்க அப்பா ஜெயிச்சாருன்னு போர்டு வெச்சா, அந்த மெக்கானிக் எங்க போவான் டீச்சர்?"

படத்தை எடுத்து உறையில் போட்டேன்.

இரண்டு பேரும் மாகறல் போனோம். வேதாசலம் ஐயாவிடம் படத்தைக் கொடுத்துவிட்டு, மேஸ்திரி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பெரியவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அப்ப எங்கப்பா சொன்னது பொய்யா?" என்றார். "அவரு சொன்னாரா, உங்களுக்கு வேற யாராவது சொன்னாங்களான்னு எனக்குத் தெரியாதுங்க. இந்த வண்டி என்ன சொல்லுதோ அதைச் சொல்றேன்" என்றார் மேஸ்திரி. பெரியவர் எழுந்து உள்ளே போய்விட்டார். யாரும் எங்களை உட்காரச் சொல்லவில்லை.

ஐந்து மாதம் மாகறலிலிருந்து ஆளும் வரவில்லை, போனும் வரவில்லை. வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்றே நினைத்தேன். மேஸ்திரி வேலையை நிறுத்தவில்லை. படத்தைப் பார்த்துப் பார்த்து இருக்கைகளை அமைத்தார். மெக்கானிக் இருக்கைக்கு மட்டும் அளவு சரியாக வரவில்லை. படத்தில் இருந்தவரைப் போலவே தானும் ஒரு கையால் பக்கத்துத் தகட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்ப்பார். இறங்குவார். அரை அங்குலம் நகர்த்துவார். மறுபடி ஏறுவார். ஸ்டெல்லா சாப்பிடக் கூப்பிட்டபோதும் அதில்தான் உட்கார்ந்திருந்தார்.

ஆறாவது மாதம் வேதாசலம் ஐயா ஆட்டோவில் வந்து இறங்கினார். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "அற்புதம், போர்டுல என்ன எழுதப் போறே?" என்று கேட்டார். "நீங்க சொல்றதுதாங்க" என்றார் மேஸ்திரி. பெரியவர் இருக்கையின் விளிம்பில் கை வைத்தார். "எங்கப்பா இதுல தண்ணி எறைச்சாருன்னு போடு. அந்தத் தண்ணியிலதான் நாங்க ஏழு பேரும் சோறு தின்னோம்."

கண்காட்சியில் அந்தப் பலகையைப் படித்தவர்கள் சிலர் சிரித்தார்கள். ஓட்டியவர் பெயர் இருந்தது. மாகறல் கிணறு இருந்தது. நடுவில் ஒரு வரி: 'உடன் சென்று உயிரிழந்த மெக்கானிக். பெயர் தெரியவில்லை.' நிகழ்ச்சி நடத்தியவர் ஒருவர் அந்த வரி நெருடலாக இருக்கிறது, எடுத்துவிடலாமே என்றார். மேஸ்திரி வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. அடுத்த வருடம் வேதாசலம் ஐயா போய்ச் சேர்ந்தார். மேஸ்திரி சென்னையில் பழைய கல்லறைத் தோட்டங்களுக்கும், பழைய செய்தித்தாள் இருக்கும் நூலகங்களுக்கும் ஞாயிறு தோறும் அலைந்துகொண்டிருந்தார். மாதா கோயில் பூசை முடிந்ததும் பஸ் ஏறிவிடுவார். ஒன்றும் கிடைக்கவில்லை.

அடக்கத்தன்று நிறையப் பேர் வந்திருந்தீர்கள். சிலர் என்னிடம் வந்து பேசினீர்கள். என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. தவறாக எதுவும் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் அழவில்லை. இன்றுவரை அழுகை வரவில்லை. ஸ்கூட்டரில் ஏதாவது சத்தம் கேட்டால், மாலையில் மேஸ்திரியிடம் காட்ட வேண்டும் என்று நினைக்கிறேன். நினைத்துவிட்டு ஓட்டிக்கொண்டு போகிறேன்.

பதினாறாம் நாள் கழித்து ஸ்டெல்லா ஒரு நோட்டுத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். மேஸ்திரி பென்சிலில் தமிழில் எழுதி வைத்திருந்தது. காரை ஓட்டிய வெள்ளைக்காரரின் பேரன் முகவரியை யாரோ கொடுத்திருக்கிறார்கள்; தாளின் மேலே அது இருந்தது. "ஐயா, உங்கள் தாத்தா ஏதாவது நாட்குறிப்பு எழுதி வைத்திருந்தால் தயவுசெய்து பாருங்கள். அவருடன் காரில் உட்கார்ந்து போனவர் பெயர் என்ன? அவருக்கு மனைவி மக்கள் இருந்தார்களா? நானும் மெக்கானிக்தான்." அவ்வளவுதான். கீழே கையெழுத்து.

அதை ஆங்கிலத்தில் எழுதினேன். அவர் எழுதாத ஒரு சொல்லையும் சேர்க்கவில்லை. அவர் இறந்துவிட்டார் என்பதையும் எழுதவில்லை. அனுப்புநர் இடத்தில் 'அற்புதராஜ், மெக்கானிக், காஞ்சிபுரம்' என்று எழுதி, அதன்கீழ் என் வீட்டு முகவரியைப் போட்டேன். போன திங்கட்கிழமை தபாலில் சேர்த்தாயிற்று. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது இந்தக் கேள்வி ஒன்றுதான். அந்தப் பெயர் கிடைக்கும்வரை அதை நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.