தனபாக்கியத்தின் கழுத்தளவு

பதிமூன்றே கால் அங்குலம் என்று நானே அளந்து, நானே கார்டில் எழுதினேன். அந்தக் கால் அங்குலத்தால் ஒரு பெண்ணுக்கு ஆபரேஷன் தேதி குறிக்கப்பட்டது.

ஐம்பதுகளின் கடைசியில் திருச்சி ஆஸ்பத்திரி ஒன்றின் சர்ஜரி ஓ.பி.யில் நர்ஸாக இருந்தேன். குடியிருப்பு பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ். ஸ்ரீரங்கத்திலிருந்து கூடையோடு வந்து எங்கள் தெருக்களில் கீரை கூவி விற்பவர் தனபாக்கியம். அவருடைய தொண்டையின் வலப்புறம் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி இருப்பதைக் கண்டு ஓ.பி.க்கு அழைத்து வந்ததும் நான்தான்.

1. ஒரு டம்ளர் தண்ணீர்

சர்ஜன் அவரைத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். விழுங்கும்போது கட்டியும் கூடவே ஏறி இறங்கியது. தைராய்டில் உள்ள கட்டி என்பதற்கு அது முதல் அடையாளம். நாடி பார்த்தார். கையை நீட்டச் சொல்லி, விரல் நடுங்குகிறதா என்று கவனித்தார். மூச்சுக்குழல் ஒதுங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"அறுக்கணுங்களா?"

"கழுத்துல கட்டின்னாலே அறுக்கணும்னு இல்லம்மா. முக்காவாசி சாதுவான கட்டிங்கதான். வேகமா வளர்ந்தா, கல்லு மாதிரி இறுகினா, குரல் கம்மினா, முழுங்க முடியலைன்னா அப்போ ஆபரேஷன்."

"குரல் போயிடாதுங்களே? கூவினாத்தாங்க எனக்குச் சோறு."

"அதுக்காகத்தான் யோசிக்கிறேன். குரல் நரம்பு அதை ஒட்டியே ஓடுது. தேவையில்லாம அங்க கை வைக்கக் கூடாது. மூணு மாசத்துக்கு ஒருதரம் வாங்க, சிஸ்டர் அளந்து வைப்பாங்க."

மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் பதிமூன்று.

2. கால் அங்குலம்

நான்காம் முறை அவர் வந்தது ஆடி மாதக் கடைசியில். அன்று ஓ.பி.யில் நெரிசல். டேப்பைச் சுற்றினேன், எழுதினேன்.

சர்ஜன் விரலால் தடவிப் பார்த்தார். "எனக்கு அப்படியே இருக்கற மாதிரிதான் தோணுது. ஆனா விரலுக்கு ஞாபகம் கம்மி, டேப்புக்கு உண்டு. அட்மிட் பண்ணுங்க."

வார்டில் தனபாக்கியம் அழவில்லை. "கடைசியா ஒருதரம் கூவிக்கிறேன் சிஸ்டரம்மா" என்று கட்டிலில் உட்கார்ந்து, "அரைக்கீரை, தண்டுக்கீரை" என்று குரல் கொடுத்தார். எதிர்க் கட்டில் பாட்டி, "கட்டு என்ன விலைடி?" என்றார். வார்டே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஆபரேஷனுக்கு முதல் நாள் கழுத்தைச் சுத்தம் செய்யக் கூந்தலை விலக்கினேன். பிடரியில் புத்தம் புதிய மஞ்சள் கயிறுகள், முடிச்சு முடிச்சாக.

"இதெல்லாம் எப்போ கட்டினது?"

"பதினெட்டாம் பெருக்குக்குங்க. காவேரிக்கரை அம்மா மண்டபத்துல நாத்தனாருங்க மூணு பேரும் ஆளுக்கொண்ணு கட்டினாங்க. ஒருத்தி கட்டி இன்னொருத்தியை வேண்டாம்னா சண்டை வராதுங்களா?"

முந்தைய முறைகளில் தாலிக் கயிற்றைக் கீழே இழுத்துவிட்டு அளந்திருந்தேன். நெரிசலில் அன்று அதை மறந்து, முடிச்சுகளின் மேலேயே டேப்பை ஓட்டியிருந்தேன். கயிறுகளை விலக்கி மறுபடி அளந்தேன். பதிமூன்று.

சர்ஜனின் அறைக்குச் செல்லும் வராந்தா அன்று மிக நீளமாக இருந்தது. "தப்பு என்னோடது சார்" என்றேன்.

அவர் வந்து தாமே அளந்தார். பிறகு தனபாக்கியத்தைப் பார்த்து, "வளர்ந்தது கட்டி இல்லம்மா, நாத்தனார் பாசம். வீட்டுக்குப் போங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றார். என்னிடம், "மறைச்சிருந்தா நாளைக்கு அறுத்திருப்பேன்" என்று மட்டும் சொன்னார்.

அன்று முதல் அந்தக் கார்டுகளில் அளவுக்குப் பக்கத்தில், "கயிறு விலக்கி அளந்தது" என்று எழுதத் தொடங்கினேன். இன்று ஸ்கேனும் ஊசிச் சோதனையும் உண்டு. கழுத்தில் கட்டி கண்டால் தயங்காமல் போய்க் காட்டுங்கள். நர்ஸ் வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: எழுதிய எண்ணை நம்புமுன், எதன் மேல் அளந்தோம் என்று பாருங்கள்.

குவார்ட்டர்ஸை விட்டு நாங்கள் கிளம்பும்வரை, காலையில் என்னை எழுப்பியது தனபாக்கியத்தின் குரல்தான். நான்கு தெரு தள்ளி வரும்போதே கேட்கும்.