செத்த வாட்ச்மேன் கேட்டைத் திறந்தான்

கம்பெனி பஸ்ஸில் இடப்பக்கம் நாலாவது வரிசை, ஜன்னலோரம் ஸ்வர்ணாவின் இடம். அதற்குப் பக்கத்து இடம் யாருடையதும் இல்லை. பொம்மனஹள்ளியில் ஏறுகிற முப்பத்தெட்டுப் பெண்களில் இடம் கிடைக்காத நாலைந்து பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அப்போதும் அந்த இடம் பீன்யாவிலுள்ள கம்பெனி வரை காலியாகவே போகும். ஸ்வர்ணாவுக்கு நோய்நொடி ஒன்றும் கிடையாது. வாய்த்துடுக்கும் இல்லை. தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, வெளுத்த புடவையாக இருந்தாலும் மடிப்புக் கலையாமல் கட்டி வருகிறவள். அவள் செய்த ஒரே குற்றம், அவள் செக்கர்.

தையல் கம்பெனியில் செக்கர் என்றால் சொந்தக்காரியாக இருந்தாலும் ஆகாது. டெய்லர்கள் தைத்துத் தள்ளுகிற சட்டைகளை டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, எங்கே தையல் கோணியிருக்கிறதோ அங்கே சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அம்பு ஒட்டிய சட்டை தைத்தவளிடமே ஆல்ட்ரேஷனுக்குத் திரும்பிப் போகும். அவள் அதைப் பிரித்து மறுபடி தைப்பதற்குள் அன்றைய டார்கெட் கெட்டு, சூப்பர்வைசரிடம் காது புளிக்கத் திட்டு வாங்குவாள். ஸ்வர்ணா பதினெட்டு வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள். நாளைக்கு நாற்பது அம்பாவது ஒட்டுவாள். நாற்பது பேரை அம்பு வாங்க வைத்துவிட்டு, சாயங்காலம் அவர்களில் ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து பூ தருவாள் என்று எதிர்பார்க்க முடியுமா?

முன்பெல்லாம் இது அவ்வளவாக உறுத்தவில்லை. கம்பெனி பொம்மனஹள்ளியிலேயே இருந்தது, நடந்தே வீட்டுக்குப் போய்விடலாம். இரண்டு யூனிட்டை ஒன்றாக்கி, ஊரின் மறுகோடியில் இருக்கிற பீன்யாவுக்கு மாற்றிய பிறகுதான் வினை. போக ஒன்றரை மணி நேரம், வர இரண்டு மணி நேரம். இந்த ஊர்ச் சாலைகளில் பஸ் ஓடுகிறது என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். அத்தனை நேரமும் சுற்றிலும் சிரிப்பும் பேச்சும் கேட்கும், ஆனால் பக்கத்தில் மட்டும் யாரும் இல்லை.

வீட்டிலும் அதே கதைதான். கணவர் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷமாயிற்று. மகன் கவின் ஹைதராபாத்தில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவான், நாலு நிமிஷம் பேசுவான். போன தடவை வந்தபோது அவள் போனில் நாவல்களை வாசித்துக் காட்டுகிற ஆப் ஒன்றைப் போட்டுக்கொடுத்து, "சும்மா இருக்கும்போது கேளும்மா, பொழுது போவும்" என்றான். ஸ்வர்ணா முதலில் சாமி கதைகள் கேட்டாள். கை தவறி ஒரு கொலைக் கதையைத் தொட்டாள். அதோடு சாமிகளை விட்டுவிட்டாள்.

ஏன் பிடித்தது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஒரு பெண் குரல் காதுக்குள் வந்து உட்கார்ந்து, அவளிடம் மட்டும் சொல்கிற மாதிரி ரகசியமாகச் சொன்னது. அதற்காகவே கேட்கலாம். இன்னொன்றும் இருந்தது. இந்தக் கதைகளில் ஒரு பெண் ஒருநாள் வீட்டுக்குத் திரும்பவில்லை என்றால் ஊரே திரண்டு தேடுகிறது. போலீஸ் வருகிறது, பக்கத்து வீட்டுக்காரர்கள் சாட்சி சொல்கிறார்கள், அவள் கடைசியாகக் குடித்த காபிக் கோப்பையைக்கூட எடுத்துப் பத்திரப்படுத்துகிறார்கள். நான் காணாமல் போனால் முதலில் யாருக்குத் தெரியும் என்று ஸ்வர்ணா ஒருநாள் யோசித்துப் பார்த்தாள். கம்பெனியின் விரல்ரேகை மெஷினுக்குத்தான் தெரியும்.

அப்படியிருக்கும்போதுதான் ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் கொட்டித் தீர்த்தது. பஸ்ஸின் கூரை ஒழுகி வலப்பக்கத்து இருக்கைகள் நனைந்துவிட, இரண்டாவது லைன் டெய்லர் அன்னம்மாள் வேறு வழியில்லாமல் ஸ்வர்ணாவின் பக்கத்தில் வந்து விறைப்பாக உட்கார்ந்தாள். அன்னம்மாள் வாணியம்பாடிக்காரி. அவள் வைக்கிற காலரில் வாரத்துக்கு ஐந்து அம்பாவது ஏறும். கோரகுண்டேபாளையம் தாண்டும்வரை இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. திடீரென்று ஸ்வர்ணா, காதில் இயர்போன் மாட்டியிருந்த நினைவே இல்லாமல், "ஐயோ, கதவைத் தெறக்காதம்மா!" என்று கத்திவிட்டாள்.

அன்னம்மாள் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினாள். "இன்னாக்கா? யார கதவத் தொறக்காதன்ற?"

ஸ்வர்ணாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. கதையில், கோயம்புத்தூரில் ரகுராம் என்று ஒரு பல் டாக்டர். அவர் மனைவி நிருபமா ஒருநாள் காலையில் நடைப்பயிற்சிக்குப் போனவள் திரும்பவில்லை. மாடியில் குடியிருக்கிற தோழிதான் கதையைச் சொல்கிறாள். டாக்டர் மேல் அவளுக்குச் சந்தேகம். வீட்டு வாட்ச்மேன் எதையோ பார்த்திருக்கிறான், ஆனால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். ஸ்வர்ணா சொல்லச் சொல்ல அன்னம்மாளின் விறைப்பு தளர்ந்தது. பொம்மனஹள்ளி வந்துவிட்டது. "அப்பறம்?" என்றாள் இறங்க மனமில்லாமல். "நாளைக்குச் சொல்றேன்" என்றாள் ஸ்வர்ணா.

மறுநாள் காலையில் மழை இல்லை, இருக்கைகளெல்லாம் காய்ந்திருந்தன. அன்னம்மாள் நேராக நாலாவது வரிசைக்கு வந்தாள்.

ஒரு வாரத்தில் முன்வரிசைக்காரிகள் இருக்கையில் முழங்காலை ஊன்றித் திரும்பி உட்கார்ந்தார்கள். மறுவாரம் டிரைவர் சண்முகம் எஃப்எம்மை அணைத்தார். ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்கார்ந்து கேட்பது, திங்கள் முதல் சனி வரை பஸ்ஸில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வது என்று ஆனது. யாரோ அவளுக்கு வேர்க்கடலை நீட்டினார்கள். யாரோ தலையில் கனகாம்பரம் வைத்துவிட்டார்கள். ஸ்வர்ணா அதற்காக ஒரு அம்பையும் குறைத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பகலில் திட்டிக்கொண்டே சட்டையைப் பிரித்தவர்கள் சாயங்காலம் அவளிடமே கதை கேட்டார்கள்.

ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை நாவல் முடிந்துவிட்டது. மாடியிலிருந்து கதை சொல்லிக்கொண்டிருந்தாளே தோழி, அவளேதான் கொலைகாரி. ஸ்வர்ணா அரைமணி நேரம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கொலைகாரி யாரென்ற அதிர்ச்சி ஐந்து நிமிஷத்தில் போய்விட்டது. நாளைக்கு இதைச் சொல்லிவிட்டால் செவ்வாய்க்கிழமை என்ன செய்வது என்ற பயம் மட்டும் போகவில்லை.

இன்னொரு நாவலை ஆரம்பித்தால் போயிற்று என்று நமக்குத் தோன்றும். நமக்குப் பக்கத்தில் உட்கார ஆள் இருக்கிறது, அதனால் தோன்றும். ஒரு கதை முடிந்து அடுத்தது சூடு பிடிப்பதற்குள் இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த இரண்டு மூன்று நாளில் அவர்கள் எழுந்து பழைய இடத்துக்குப் போய்விட்டால்? ஸ்வர்ணா கதையை முடிக்கவில்லை. டாக்டருக்கு ஒரு தம்பியைக் கொண்டுவந்தாள். தம்பிக்கு ஒரு கடன்காரன் வந்தான். நிருபமாவின் டைரிக்கு இரண்டாவது பாகம் முளைத்தது. பதினெட்டு வருஷம் அடுத்தவர் தையலில் நூல் பிரிந்திருப்பதைக் காட்டிக்கொடுத்தவள், தானே பேருக்கு நூலை ஓட்டி ஒப்பேற்றினாள். எங்கெங்கே பிரியும் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டதும் அன்று சொன்ன பொய்களை விரல்விட்டு எண்ணிப் பார்ப்பாள். ஆனாலும் காலை ஆறே முக்காலுக்குப் பக்கத்து இருக்கை நிறையும்போது, அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அது பத்தாவது வாரம் வரைதான் நடந்தது. தசரா விடுமுறை முடிந்த திங்கட்கிழமை, மூன்றாவது லைன் வித்யாலட்சுமி பஸ்ஸில் ஏறியதுமே உட்காராமல் நின்றாள்.

"ஏன்டீ, உங்க எல்லாருக்கும் விஷயம் தெரியுமா? லீவுல என் தங்கச்சி வூட்டுல அந்தக் கத முழுசும் போன்ல கேட்டுட்டேன். தம்பியுமில்ல, கடன்காரனுமில்ல. கத எப்பவோ முடிஞ்சி போச்சி. யாரு கதய சொல்றாளோ அவளேதான் கொலகாரி!"

பஸ் முழுக்கத் திரும்பி ஸ்வர்ணாவைப் பார்த்தது.

"ஒரு மாசமா நம்ம காதுல பூ சுத்திருக்கு இந்தக்கா" என்றாள் வித்யாலட்சுமி. "நம்ம தையல்ல ஒரு நூலு நகந்தா அம்பு ஒட்டத் தெரியுது இல்ல?"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பின்வரிசை வரை போயிற்று. அன்னம்மாள் மடியில் இருந்த பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். யஷ்வந்த்பூர் வந்ததும் அன்னம்மாள் எழுந்துபோய், நிற்கிறவர்களோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று பகலில் வித்யாலட்சுமி தைத்த சட்டை ஒன்று ஸ்வர்ணாவின் மேசைக்கு வந்தது. கைப்பட்டியில் தையல் ஒரு இழை விலகியிருந்தது. அதைக் கண்டும் காணாமல் விட்டால் கோபம் கொஞ்சம் ஆறுமோ என்று அவளுக்குத் தோன்றியது நிஜம். கை ஒரு கணம் நின்றதும் நிஜம். பிறகு அம்பை எடுத்து ஒட்டினாள். அன்னம்மாளின் காலருக்கும் ஒன்று ஒட்டினாள்.

மறுநாள் பஸ்ஸில் ஆளுக்கொரு இயர்போன் வந்துவிட்டது. வித்யாலட்சுமி எல்லோர் போனிலும் அந்த நாவலைப் போட்டுக் கொடுத்திருந்தாள். பேச்சு இல்லை, சிரிப்பு இல்லை. இரண்டு மணி நேரம் முப்பத்தேழு பேர் அவரவர் காதுக்குள் இருந்தார்கள். ஸ்வர்ணாவின் பக்கத்து இருக்கையில் யாருடைய சாப்பாட்டுப் பையோ வந்து உட்கார்ந்திருந்தது.

புதன்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை. வியாழனும் போகவில்லை. போனை பீரோவுக்குள் போட்டுச் சாத்தினாள். தெரு முழுக்கச் சத்தமாக இருந்தது, ஒரு சத்தமும் அவளைக் கூப்பிடவில்லை. ஐம்பது வயதில் இப்படி ஒரு இருக்கைக்காகப் பொய் சொல்லி மாட்டிக்கொண்டோமே என்று அழுதாள். பிறகு எழுந்து, இருந்த மூன்று புடவைகளையும் இஸ்திரி போட்டு அடுக்கினாள்.

வெள்ளிக்கிழமை போனாள். காலையில் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். தொப்பென்று பக்கத்தில் யாரோ உட்கார்ந்தார்கள்.

"ரெண்டு நாளா எங்கக்கா பூட்ட?" அன்னம்மாள்தான்.

"ஒடம்பு சரியில்ல."

"ஆறு வாட்டி போன் அடிச்சேன், எடுக்க மாட்டியா? சண்முகண்ணன கேட்டா எனக்கின்னா தெரியும்ன்றாரு. கேட்டுல செக்யூரிட்டிய கேட்டா, கன்னடத்துல கொத்தில்லம்மான்னு கைய விரிக்கறான். இன்னிக்கும் வரலன்னா உன் ரூம தேடிக்கினு வந்திருப்பேன்."

அன்னம்மாள் பையைத் திறந்து, ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை எடுத்தாள். திங்கட்கிழமை அவள் காலரில் ஸ்வர்ணா ஒட்டியது. அதை ஸ்வர்ணாவின் முன்கையில் வைத்து அழுத்தினாள்.

"இது இன்னாத்துக்கு?"

"ஆறாவது வாரம் அந்த வாட்ச்மேன் செத்துட்டான். லாரி ஏறி. நீதான் சொன்ன, நான் அன்னிக்கு சோறே துன்னல. எட்டாவது வாரம் அவனே வந்து கேட்டத் தொறந்து வுடறான்."

ஸ்வர்ணா அவளைப் பார்த்தாள். "அப்பவே கண்டுபுடிச்சிட்டியா?"

"அப்பவே தெரியும், இது உன் கைத்தையல்னு."

"அப்பறம் எதுக்கு கேட்டுக்கினு இருந்த?"

அன்னம்மாள் முன்சீட்டுக் கம்பியைப் பார்த்தபடி சொன்னாள். "எனக்கு வூட்டுல யாரு கத சொல்றாங்க? வித்யா போட்டுக் குடுத்தத நானும் கேட்டுப் பாத்தேன்கா. அந்தம்மா அது பாட்டுக்கு சொல்லிக்கினே போவுது. நடுவுல ஏன்னு கேட்டா நிக்க மாட்டுது."

பஸ் கிளம்பியது. மற்ற முப்பத்தாறு பேரும் காதை அடைத்துக்கொண்டு வந்தார்கள்.

"திங்கக்கிழமை எழுந்து பூட்டேன். கோவம்" என்றாள் அன்னம்மாள். "ஆனா அம்பு ஒட்டுன பீஸ குப்பையிலயா போடறோம்? பிரிச்சி, சரியா தைச்சி எடுத்துக்கினு வரணும். பதினெட்டு வருசமா எங்க உசுர வாங்கறியே, உனக்குத் தெரியாதா? சொல்லு, வாட்ச்மேன் இன்னா ஆனான்?"

ஸ்வர்ணா கையிலிருந்த அம்பைப் பார்த்தாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அன்னம்மாள் காத்திருந்தாள்.

"லாரி ஏறுனது அவன் மேல இல்ல" என்றாள் ஸ்வர்ணா.

"பின்ன யாரு மேல?" என்றாள் அன்னம்மாள்.