ஈரமான வானத்துக்காக மூடிய ஜன்னல்

முதலில் வந்தது இருமல். விடியற்காலையில் என் மனைவி வசந்தா எழுந்து உட்கார்ந்து இருமுவாள். பிறகு சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குவாள். குரோம்பேட்டையில் அப்போது ரயில் பாதையை ஒட்டிய எங்கள் சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். தூசிதான் காரணம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

பொறியியல் கல்லூரியில் வரைபடம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் தைல வண்ணத்தில் ஓவியம் தீட்டிவந்தேன். வண்ணத்தை இளக்க டர்பென்டைன், மெருகுக்கு ஆளிவிதை எண்ணெய். அந்த வண்ணம் காய நாட்கள் ஆகும். வானத்துக்குப் பூசிய வெளிர்நீலத்தில் ஒரு தூசி விழுந்தாலும் முகப்பரு போலத் தெரியும். அதனால் சாலையைப் பார்க்காத ஒரே அறையில் ஜன்னலை மூடிவிட்டு வரைந்தேன், அங்கேயே காயவைத்தேன். அது எங்கள் படுக்கையறை. தூரிகை கழுவிய டர்பென்டைனைக் கொட்ட மனம் வராது. வண்டல் அடியில் தங்கினால் மறுபடி பயன்படும் என்று கட்டிலுக்கடியில் ஜாடியில் வைத்திருந்தேன். ஜாடியின் மூடி எப்போதோ தொலைந்துவிட்டது.

ஸ்பைரோமெட்ரி (ஊதும் மூச்சின் வேகத்தை அளக்கும் சோதனை) எடுத்துப் பார்த்து, ஆஸ்துமா (மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சுருங்கும் நோய்) என்றார் டாக்டர்.

“வீட்ல யாராவது ஸ்மோக் பண்றீங்களா சார்? கொசுவத்தி, சாம்பிராணி, வேற ஏதாவது நெடி?”

“இல்ல டாக்டர்.”

வசந்தா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த நுரையீரல் படத்தைப் பார்த்தேன். ஒரு கண்காட்சிக்கு இன்னும் சில படங்கள் முடிக்க வேண்டியிருந்தது. சொன்னால் நிறுத்தச் சொல்வார். தெரிந்துதான் சொல்லவில்லை.

ஆட்டோவில் அவள் கேட்டாள். “நெடி எதுவும் இல்லையாக்கும். அப்ப உங்க ஜாடியில இருக்கறது என்ன, சந்தனமா?” சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

அன்றும் வரைந்தேன்.

மழைக்காலத்தில் ஒரு காலை அவள் உதடு நீலம் பாய்ந்தது. தாம்பரத்தில் அதே டாக்டர் இருந்த மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தோம். நெபுலைசர் (மருந்தை நுண்துளிகளாக்கி மூச்சில் செலுத்தும் கருவி) ஓடிக்கொண்டே இருந்தது. நான் நடைவழி பெஞ்சிலேயே கிடந்தேன். கீழ்க்கட்டளையிலிருந்து மகள் கல்யாணி வந்து, மாற்றுத்துணி எடுத்துவரச் சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பினாள்.

படுக்கையறைக் கதவைத் திறந்தேன். நெடி முகத்தில் அறைந்தது. கண்ணில் நீர் வந்தது. வருடக்கணக்கில் அதிலேயே கிடந்து என் மூக்கு மரத்துப்போயிருந்தது. சில நாள் வெளியே இருந்ததில் மோப்பம் திரும்பிவிட்டது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அவள் அங்கேதான் தூங்கினாள்.

திரும்பிப் போய் டாக்டரிடம் சொன்னேன்.

“இதனாலதான் வந்ததுன்னு சொல்ல முடியாது சார். ஆனா நிச்சயம் அதிகமாக்கியிருக்கும். அன்னைக்கே சொல்லியிருக்கலாம்.” அவர் குரலை உயர்த்தவில்லை.

பக்கத்தில் நின்று கேட்ட கல்யாணி என்னைத் தாண்டிப் போனாள். அம்மாவிடம்தான் கேட்டாள். “ஜன்னலத் திறங்கன்னு சொல்ல உனக்கு வாயில்லையாம்மா?”

வசந்தா முகமூடியைச் சற்று விலக்கினாள். “திறந்தா அவரோட வானத்துல தூசி ஒட்டிக்கும்டி.”

எனக்கு அழுகை வரவில்லை. கைகள் வேறு யாருடையவோபோல மடியில் கிடந்தன. இன்றும் பெரும்பாலும் அப்படித்தான்.

அவள் வீடு திரும்பினாள். சுருங்கிய குழாய்கள் முழுதாக விரியவில்லை. மாடிப்படியில் பாதியில் நின்றுவிடுவாள். இதைப் படிக்கும் ஓவியர்களுக்கு ஒன்று சொல்வேன்: எதைக் கொண்டு வண்ணத்தைக் கரைக்கிறீர்கள், எந்த அறையில், ஜன்னல் திறந்திருக்கிறதா என்பதை டாக்டர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இப்போது கூடத்தில் நீர்வண்ணம் மட்டும். ஜன்னல் திறந்தே இருக்கிறது. தாளில் தூசி விழுகிறது, ஊதிவிடுகிறேன். தைல வண்ணத்தில் தவறினால் சுரண்டிவிட்டு மேலே பூசலாம். இதில் முடியாது. முதல் பூச்சு காயும்வரை காத்திருக்க வேண்டும்.

காத்திருக்கையில் உள்ளறையிலிருந்து அவள் மூச்சு கேட்கும். இழுக்கிறாள், விடுகிறாள். இடையில் சற்று நின்றால் என் மூச்சும் நின்றுவிடுகிறது. மறுபடி கேட்டபின் தாளைத் தொட்டுப் பார்க்கிறேன். பெரும்பாலும் அது எப்போதோ காய்ந்திருக்கும்.