இருபத்தாறு வயது தாய்மாமன்

வேன் டயரில் விரல் முட்டியால் இரண்டே தட்டு. தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "முப்பத்தொண்ணு!" என்கிறார் ஒம்பு கொக்மா. வேன்காரன் நம்பாமல் காற்று அளவுமானியைச் செருகிப் பார்க்கிறான். முப்பத்தொன்றுதான். "முப்பதுன்னு சொல்லல, முப்பத்திரெண்டுன்னும் சொல்லல. மெஷின் எங்கிட்ட வந்து படிச்சுட்டுப் போகணும்" என்று தெருமுனை வரை கேட்கிற குரலில் சொல்கிறார். அது அவர் மெதுவாகப் பேசும் குரல்.

அந்த முட்டி டயரோடு நிற்பதில்லை. துரியான் பழம், தச்சன் கொண்டுவந்த கதவு, வங்கி மேலாளரின் மேசை என்று எதையும் தட்டிப் பார்த்துத்தான் நம்புவார். பேத்தி கொக்மா பிறந்த அன்றே, ஊர் வழக்கப்படி, சொந்தப் பெயர் போய் 'ஒம்பு கொக்மா', அதாவது கொக்மாவின் தாத்தா, ஆகிவிட்டார். பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு சரி. மேடான் நகரத்து நாற்சந்தி ஒன்றுக்கு வந்தபோது தோளில் ஒரு கைப்பம்பு, கையில் ஒரு வாளி. இன்று அதே நாற்சந்தியில் கீழே டயர் கடை, மேலே வீடு என்று இரண்டு மாடிக் கட்டடம். "பன்னெண்டு கிளாஸ் படிச்சவன் எங்கிட்ட பங்சர் ஒட்டறான். நாலு படிச்சவன் முதலாளி. கணக்குப் போட்டுக்கோ!"

அந்தக் கட்டடத்தைத்தான் இந்த வருடம் விற்க நினைத்தார். லாரிகள் எல்லாம் புதிய சுங்கச் சாலைப் பக்கம் போய்விட்டன. அங்கே ஒரு மூலை மனை பார்த்து வைத்திருந்தார். இது விற்றால் அது கைக்கு வரும். அறுபத்தெட்டு வயதில் அவர் இன்னொரு முறை பம்பைத் தோளில் போடக் கிளம்பியதைப் பார்த்துத் தெருவே வாயைப் பிளந்தது.

அப்போதுதான் தலைமுடிக்கு எண்ணெய் மின்ன, மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான் ஹொட்லான். வீடு விற்றுத் தரும் தரகன். வயது இருபத்தாறு. பத்தாக்கு இனத்துக்காரர்கள் இருவர் சந்தித்தால் வியாபாரம் பிறகு; முதலில் குலம்.

"எந்தக் குலம் தம்பி?"

"மனுருங்."

"எங்கம்மாவும் மனுருங் வீட்டுப் பொண்ணு! எத்தனாவது தலைமுறை?"

"பதினாலு."

ஒம்பு கொக்மா விரல்விட்டு எண்ணினார். எண்ணி முடிப்பதற்குள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அம்மாவும் பதினாலு. "அடடா! நீங்க எனக்குத் தாய்மாமன் முறையாகணும்! உக்காருங்க மாமா, உக்காருங்க!"

மாமாவுக்குக் காது சிவந்தது. ஆனாலும் முறை முறைதானே. தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரிங்க... சரி, மருமவனே" என்றான்.

மாமா நீட்டிய ஒப்பந்தத்தில் மருமகன் அங்கேயே கையெழுத்துப் போட்டார். ஆறு மாதத்துக்கு அவன் ஒருவன்தான் விற்கலாம். வீட்டுக்காரரே ஆள் பிடித்தாலும் அவன் வழியாகத்தான் போக வேண்டும். நடுவில் முறிப்பதானால் இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒரு வரியும் அவர் படிக்கவில்லை. "மாமன் குடுத்த காயிதத்தப் படிச்சுப் பாக்கறவன் மனுசனா?" என்பது அவர் கட்சி. ஊரில் உள்ளதையெல்லாம் தட்டிப் பார்ப்பவர் அந்த ஒன்றை மட்டும் தட்டிப் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் போனது. கட்டடத்தின் முகப்பில் ஒரு பதாகை தொங்கியது. அதில் 'விற்பனைக்கு' என்ற சொல்லைவிட ஹொட்லானின் முகம் பெரிது. வாங்க வருகிறவர்கள் அகலம் எவ்வளவு என்று கேட்டால், "நல்ல அகலம்" என்பான். வீடு காட்டுவதாகச் சொல்லி மதியச் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வருவான். கூட வாங்குகிறவர் மட்டும் வரமாட்டார். மாமன் ஆயிற்றே, முதல் தட்டு அவனுக்கு. "வீடு நகரல, அவரு இடுப்புப் பெல்ட்டுதான் நகருது" என்றாள் ஒம்பு கொக்மாவின் மனைவி தியார்மா.

இதற்குள் நல்ல ஆள் ஒருத்தி தானாகவே வந்தாள். மூன்று கடை தள்ளி கேக் கடை வைத்திருக்கும் சீனப் பெண் சியூலிங். ஐந்து அடுப்பு போட இடம் வேண்டும் அவளுக்கு. சொன்ன விலைக்குச் சம்மதம். எல்லாம் பழம் நழுவிப் பாலில் விழுகிற நேரத்தில், ஹொட்லான் அவளுக்குக் கைப்பேசியில் வீட்டின் படத்தை அனுப்பினான். சீனப் புத்தாண்டு அன்று காலையில். அதுவும் பக்கத்துச் சவப்பெட்டிக் கடை பாதிப் படத்தை அடைத்துக்கொள்ளும்படி எடுத்த படம்.

சியூலிங் கடைக்கே வந்து கத்தினாள். "தாத்தா, அந்தக் கடை பக்கத்துல இருக்குன்னு எனக்குத் தெரியாதா? தினம் அந்தக் கடைக்காரருக்கு வணக்கம் சொல்லிட்டுத்தான் போறேன். ஆனா வருசம் பொறந்த காலையில, முதல் செய்தியா, எனக்குப் பொட்டி அனுப்புவானா ஒருத்தன்? அவன் கை பட்ட பத்திரம் எனக்கு வேணாம். அவன வெலக்குங்க, அன்னிக்கே வாங்கறேன். சனிக்கெழம அஞ்சு மணி வரைக்கும் பாப்பேன். இல்லேன்னா மார்க்கெட் பக்கம் ஒரு கடை பாத்திருக்கேன்."

"போன் போட்டு வேணாம்னு சொல்லிடுங்களேன்" என்றாள் தியார்மா.

ஒம்பு கொக்மா முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார். "மாமனுக்கு வேணாம்னா? மாமன் மனசு நொந்தா என் கடையில ஒரு டியூப் ஒட்டுமாடி?" வங்கிக்காரனை, போலீஸ்காரனை, இரண்டு சந்தை ரௌடிகளை வாயாலேயே விரட்டியவர் அவர். தாய் பிறந்த குலம் என்றால் மட்டும் வாய் கட்டிக்கொள்ளும்; அவர்கள் ஆசி இல்லாமல் பிழைப்பே இல்லை என்பது பத்தாக்கு நம்பிக்கை.

தியார்மா கொஞ்சம் யோசித்தாள். "அப்ப முறைப்படியே கேளுங்க. பன்னி அடிப்போம்."

ஒம்பு கொக்மா துள்ளி எழுந்து சுவரைத் தட்டினார். "நானும் அதத்தான் நெனச்சேன்!" அவர் நினைக்கவில்லை என்பது சுவருக்கும் தெரியும்.

சனிக்கிழமை மதியம். மாமனுக்குப் புதுப் பாய். அவன் முன்னே பெரிய தட்டில் தாடை, விலா, ஈரல், வால் என்று முறைப்படி அடுக்கி வைத்திருந்தார்கள். அப்படி ஒரு தட்டை வைத்தால் ஏதோ கேட்கப் போகிறார்கள் என்று பொருள். சாப்பிட்டு முடித்ததும் மாமன்தான் "எதுக்கு இந்த விருந்து?" என்று தொடங்க வேண்டும். அவன் கேட்காமல் மருமகன் வாய் திறக்கக்கூடாது. கேட்டுவிட்டாலோ, உண்ட வாயால் மறுக்கக்கூடாது.

ஹொட்லான் தட்டைப் பார்த்தான். தன் வீட்டு விசேஷங்களில் கதவோரம் உட்காருகிற கடைக்குட்டி அவன். இங்கே நடுப்பாயில். குனிந்தபடியே சாப்பிட்டான். கை கழுவினான். எதுவும் கேட்கவில்லை.

மணி மூன்றரை.

"வெயில் சாஸ்தி" என்றான்.

"ஆமா மாமா, சாஸ்தி" என்றார் ஒம்பு கொக்மா. கால் கட்டைவிரல் பாயைப் பிறாண்டியது.

"கறி நல்லா இருந்துச்சு."

"இன்னும் கொஞ்சம் வைக்கவா மாமா?"

வைத்தார்கள். தின்றான். நாலு மணி. நாலேகால். ஒம்பு கொக்மாவின் சட்டைப்பையில் கைப்பேசி இரண்டு முறை அதிர்ந்தது. அவருக்கு நெற்றி நரம்பு புடைத்துவிட்டது. இனி வெடிப்பார் என்று தெரிந்து தியார்மா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "மாமா, வயிறு நெறஞ்சுதா? எதாச்சும் கேக்கணும்னு இருக்கா?"

ஹொட்லான் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான். பிறகு கேட்டான்: "எதுக்கு இந்த விருந்து, மருமவனே?"

அறுபத்தெட்டு வயது முழங்கால்கள் மடங்கின. "மாமா, நீங்க குடுத்த ஆசிதான் இந்தக் கடை. அத விக்கற பொறுப்ப நீங்களே எங்கிட்டத் திருப்பிக் குடுத்து, ஆசியும் குடுத்து அனுப்பணும். இதான் நான் கேக்கறது."

"தெரியும்" என்றான் அவன். "தட்டப் பாத்ததுமே தெரியும். அதனாலதான் கேக்கல. கேட்டா முடிஞ்சு போயிடும்." மூக்கை உறிஞ்சினான். "இது எனக்கு முதல் வீடு. ஆபீசுல எல்லார்கிட்டயும் காட்டியிருக்கேன்."

ஹொட்லான் கையை நீட்டினான்.

"காயிதத்தக் குடுங்க."

வீட்டு மருமகள், கொக்மாவின் அம்மா, தட்டச்சு செய்து வைத்திருந்த முறிவுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டான். பிறகு வழக்கப்படி தியார்மா நீட்டிய கிண்ணத்திலிருந்து அரிசியை அள்ளினான். ஆசிக்குரிய சொற்கள் அவனுக்கு முழுதாகத் தெரியவில்லை. ஆரம்பித்தான், தடுமாறினான், விட்டுவிட்டுத் தன் சொந்த வார்த்தையில் சொன்னான். "வீடு இன்னிக்கே விக்கட்டும். புது எடத்துல லாரி வரிசையில நிக்கட்டும். நான் விக்கலேன்னாலும்." யாருக்கும் குனியாத அந்த நரைத்த தலையில் அரிசி மூன்று முறை விழுந்தது.

அதன் பிறகு ஒம்பு கொக்மாவைப் பிடிக்க ஆள் இல்லை. "நாலே முக்கால்! நாலே முக்கால்தான் ஆச்சு!" என்று படிகளில் இரண்டிரண்டாக இறங்கினார். ஏணி போட்டுப் பதாகையை அவிழ்த்தார், மாமன் முகம் மடங்காமல் சுருட்டி அவன் கையில் கொடுத்தார். கைப்பேசி மறுபடி அலறியது. சியூலிங்.

ஹொட்லான் பதாகையைக் கைக்கிடுக்கில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பப் போனான். ஒம்பு கொக்மாவின் தலை மெல்லச் சாய்ந்தது. கைப்பேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கி, "சியூலிங், ஒரு நிமிசம், வெக்காத, வெக்காத!" என்றபடி, அன்று இரண்டாவது முறையாக முழங்காலை மடக்கினார். பின்சக்கரத்தை முட்டியால் இரண்டு தட்டு.

"பதினெட்டு" என்று சொல்லிக் காற்றுக் குழாயை இழுத்துச் செருகினார். முடியிலிருந்து அரிசி ஒவ்வொன்றாக டயர் மேல் உதிர்ந்துகொண்டிருந்தது. அவர் தலையை உதறவில்லை.